லைட்டுக்கு யாரு சொன்னா?

அக்காவின் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது நோர்வூட்டுக்குப் போன் போட்டு அவளிடம் சொல்லிவிடுவார்கள். அவள் "யாரு சொன்னா?" என்று ஆரம்பித்து, ஒவ்வொரு வாயாகப் பிடித்துக்கொண்டே வந்து கடைசியில் என் வாசலில் நிற்பாள். நின்றால் எனக்குச் சந்தோஷம்தான். இருந்தாலும் பேர் வேண்டாம். எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே பாதிப் பேருக்கு அவள் பேர் தெரியாது. விசாரணை அக்கா என்றால்தான் தெரியும்.

லிந்துலைக்குப் பக்கத்தில், நுவரெலியா ரோட்டைப் பார்த்தபடி இருக்கிற லயம் எங்களுடையது; ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். அவள் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் தும்மினால் நான் இந்தப் பக்கமிருந்து "நூறு" சொல்வேன். நான் ரொட்டிக்கு மாப் பிசைகிற சத்தம் கேட்டால் அவள் அந்தப் பக்கமிருந்து "தேங்காய கொஞ்சம் கூடப் போடுடி" என்பாள். எங்கள் டிவிசனில் என் ரொட்டிக்கு ஈடு கிடையாது. அதை நான் சொல்ல வேண்டியதில்லை, யாரையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் அக்கா மட்டும் ஊர் சொல்வதை வைத்து ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை.

"எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. எனக்கு ஒண்ணு குடு, பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள்.

இப்படிப் பார்த்துப் பார்த்தே என் ரொட்டியில் பாதியை வருசக்கணக்காகத் தின்று தீர்த்தாள்.

ஆள் குட்டை. நடை மட்டும் நீளம். பால் இல்லாத வெறும் சாயத் தேத்தண்ணியைக் குடிக்கும்போது உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மடக்கு என்று குடிப்பாள். அந்த நேரத்தில் யாராவது ஒரு சேதியோடு வந்துவிட்டால் கை அப்படியே நின்றுவிடும்.

"நீ பாத்தியா?"

"இல்லக்கா. சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

அவ்வளவுதான். மிச்சச் சீனியை வாயில் கொட்டிக்கொண்டு செருப்பை மாட்டிவிடுவாள். சொன்னவளைப் போய்ப் பிடிப்பாள். அவளுக்குச் சொன்னவளைப் பிடிப்பாள். முதல் வாய் கிடைக்கும்வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

கொழுந்து எடுக்கிற மலையில் வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆளுக்கு ஒரு நிரை பிடித்துக்கொண்டு வரிசையாக மேலே ஏறுவோம். கை கொழுந்தில் இருக்கும், கண் கொழுந்தில் இருக்கும், வாய் சும்மாதானே இருக்கிறது? பக்கத்து நிரைக்காரி சொன்னதை அடுத்த நிரைக்காரிக்குச் சொல்வோம். காற்று ஒரு பக்கம், மழை ஒரு பக்கம். அரைகுறையாகக் காதில் விழுந்ததை முழுசாக்கித்தான் அடுத்த நிரைக்குக் கொடுப்போம். கீழ் நிரையில் இருமல் என்று புறப்பட்டது மேல் நிரைக்குப் போய்ச் சேரும்போது சாவு வீடாக இருக்கும். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. சேதி என்றால் அப்படித்தான், கை மாறினால் ஊறும்.

அக்கா அப்படிக் கொடுக்க மாட்டாள். அவள் நிரைக்கு வந்த பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதனால் பேச்சுப் பிரியமுள்ளவர்கள் அவளுக்குப் பக்கத்து நிரை வேண்டாம் என்று, நிரை பிரித்துக் கொடுக்கிற கங்காணியிடம் கெஞ்சுவார்கள். அவளைக் கண்டதும் வாயை மூடிக்கொள்கிறவர்களும் இருந்தார்கள். எனக்கே சில நாள் எரிச்சல் வரும். ஒரு வம்பைக்கூட நிம்மதியாகப் பேச முடியாத பொம்பளையோடு எப்படித்தான் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு இருப்பது?

அதற்காக அவள் எதையும் பொய் என்று அடித்துப் பேசுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை ஏழாம் நம்பர் மலையில் சிறுத்தை உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு பேச்சு. பெண்களெல்லாம் கூடையோடு கீழே ஓடி வந்துவிட்டோம். அக்கா வழக்கம்போல விசாரித்துக்கொண்டே மேலே போனாள். கங்காணி தடுத்தார், கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே நடையில், அவசரமே இல்லாமல் இறங்கி வந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"இருக்குடி. ஓடைப் பாலத்துப் போக்கு மேல படுத்திருக்கு. நல்லா கொழுத்த சிறுத்த. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

இன்னொரு முறை, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் புதுத் தராசு வந்தது. எண்கள் சிவப்பாக ஓடுகிற தராசு. அது வந்ததிலிருந்து எங்கள் எல்லோருக்கும் நிறை குறைந்தது. தராசில் கள்ளம் என்று நாங்கள் கூச்சல் போட்டோம். அக்கா கத்தவில்லை. கடைக்குப் போய், தையல் பிரிக்காத ஒரு கோதுமை மா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மடுவத்துக்கு வந்தாள். கணக்கப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் தூக்கித் தராசில் வைத்தாள். மூட்டையில் என்ன நிறை போட்டிருந்ததோ, தராசும் அதையே காட்டியது. அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"தராசு சரியாத்தான்டி இருக்கு. மழை இல்ல, கொழுந்து மெலிஞ்சு போச்சு. போயி வேலையப் பாருங்க."

அன்றைக்கு அவளோடு ஒருத்தியும் பேசவில்லை. நானும் பேசவில்லை. நம் ஆள் என்று நினைத்தால் இப்படித் தராசின் பக்கம் சாய்ந்துவிட்டாளே என்று எங்களுக்குக் கோபம். அவள் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "இன்னைக்கு ரொட்டி இல்லையா?" என்று கேட்டாள். மா மூட்டையைக் கடையில் திருப்பி எடுக்கவில்லையாம். அதில் பாதியை எனக்குத்தான் கொட்டினாள்.

இனி என் இளைய மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அவன் ஸ்டியரிங் பிடித்தால் மடியில் குழந்தை தூங்கும். பெற்றவள் என்று சொல்லவில்லை, மலை ரோட்டில் ஓட்டுகிறவர்களே சொல்வார்கள். மரக்கறி லொறியில் கிளீனராக ஏறி, பிறகு ஆட்டோ ஓட்டி, இரவல் வேன் ஓட்டி, கடைசியில் கொழும்பில் ஒரு முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தான். அந்த முதலாளி வெளிநாட்டுக்காரர்களுக்கு வண்டி வாடகைக்கு விடுகிறவர். அதில் ஒன்று வீட்டு வண்டி. பெரிய டீசல் வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் இருக்கும். ஓடுகிற இடமெல்லாம் வீடு. அதை ஒரு வெள்ளைக்காரப் புருசன் பெண்சாதிக்கு மலைநாடு முழுக்கச் சுற்றிக்காட்டிக் கொண்டுவந்து விட வேண்டும். இந்தப் பயணம் ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம். ஏதாவது கெட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். முதலாளி முதல் நாளே அப்படிச் சொல்லிவிட்டார்.

அந்தப் பயணத்தில் ஒரு காலை, எங்கள் லயத்துக்குக் கீழே உள்ள வளைவைத் தாண்டும்போது ஹோர்ன் அடிப்பேன் என்று மகன் சொல்லியிருந்தான். நான் ரொட்டி சுட்டு, வெங்காயச் சம்பல் இடித்து, வாழை இலையில் கட்டி வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஹோர்ன் வரவில்லை. கடைசிக் காம்பராக்காரி வீட்டு மருமகள்தான் முடி அவிழ ஓடி வந்தாள்.

"சின்னம்மா! ஒங்க மகன் ஓட்டிக்கிட்டு வந்த வண்டி பள்ளத்துல விழுந்துருச்சாம்! வெள்ளைக்காரங்களோடயாம்!"

கட்டி வைத்த ரொட்டிக்குப் பக்கத்தில் அப்படியே அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா உள்ளங்கைச் சீனியோடு வாசலுக்கு வந்தாள்.

"நீ பாத்தியாடி?"

"இல்ல பெரியம்மா. பீலிக்கரையில மேஸ்திரி பொண்டாட்டி சொன்னாங்க."

சீனி வாய்க்குள் போனது. செருப்பு காலுக்குப் போனது.

"எந்திரிடி" என்றாள் என்னிடம்.

"அக்கா, எம்புள்ள..."

"அழுகிறதுன்னா அங்க போயி பாத்துட்டு அழுவோம். இங்கயே அழுது தீத்துட்டா அங்க போயி என்ன பண்ணுவ? எந்திரி. அந்த ரொட்டியையும் எடுத்துக்க."

நல்ல சேதி கெட்ட சேதி தெரியாத நேரத்தில் ரொட்டியை எடுக்கச் சொல்கிறாளே என்று இருந்தது. ஆனாலும் எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் மேஸ்திரியின் மனைவி துணி அலசிக்கொண்டிருந்தாள். அக்கா கேட்டதும் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"பள்ளத்துல விழுந்துச்சுன்னு நான் எங்கக்கா சொன்னேன்? பிரேக்கு இல்லாம மண்மேட்டுல மோதிருச்சுன்னுதானே சொன்னேன்!"

"மோதுனத பாத்தியா?"

"மலையில இருந்து கத்துனாங்க. கேட்டேன்."

மலைக்குக் குறுக்குப் பாதையில் இறங்கினோம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைக் கண்டதும் கையை நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும் அழுகிற முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

"மண்மேட்டுல மோதுச்சுன்னு கத்துனது நீதானா?" என்று அக்கா அவளைக் கேட்டாள்.

"ஐயோ, மோதலக்கா! எஞ்சின் எரிஞ்சு போயி ரோட்டோரம் நிக்குதுன்னுதான் சொன்னேன்."

"பொகைய பாத்தியா?"

"இல்ல. கங்காணிதான் ரோட்டுல இருந்து வந்து சொன்னாரு."

கங்காணி ரோட்டுக்குக் கொஞ்சம் மேலே குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அக்கா அவரையும் விடவில்லை.

"வண்டி நிக்குதா, படுத்திருக்கா?"

"நிக்குது."

"பய?"

"அவனும் நிக்கிறான். என்ன கேள்வி இது? எஞ்சின் முடிஞ்சுதுன்னு ஒரு லொறிக்காரன் எட்டிப் பாத்துச் சொல்லிட்டுப் போனான். அதத்தான் நான் சொன்னேன்."

பள்ளத்தில் கிடந்த என் மகன் ஒவ்வொரு வாயாகத் தாண்டி மேலே ஏறி வந்து ரோட்டில் நின்றுவிட்டான். எனக்குப் போன உயிர் அங்கேதான் திரும்பி வந்தது. மிச்சத் தூரத்தை நான் அக்காவுக்கு முன்னால் ஓடினேன்.

வளைவுக்குக் கீழே வண்டி நான்கு சக்கரத்தில் அழகாக நின்றது. பக்கவாட்டில் ஒரு துணிப் பந்தலை இழுத்துவிட்டு, அதன் கீழே வெள்ளைக்கார ஐயாவும் அம்மாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நின்றால் என்ன, அவர்கள் வீட்டில்தானே இருக்கிறார்கள்! என் மகன்தான் டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். முகத்தில் இரத்தமே இல்லை.

"அம்மா, ஒயில் லைட் எரிஞ்சுருச்சும்மா."

"எரிஞ்சா என்னடா?"

"எஞ்சினுக்குள்ள ஒயில் மேல ஏறலன்னு அர்த்தம். ஒடம்புல ரத்தம் ஓடாத மாதிரி. அப்பிடியே ஓட்டுனா உள்ள எல்லாம் ஒரஞ்சு போகும். கண்டதும் நிப்பாட்டிட்டேன். ஆனா போன்ல மொதலாளி மாத்தயா நம்ப மாட்டேங்கிறாரு. எஞ்சினக் கருக்கிட்டேன்னு சொல்றாரு. வண்டியத் தொடாத, இழுக்கிறதுக்கு ஆள் வருது, வந்ததும் சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போன்னுட்டாரு."

சாவி அவன் கைக்குள் இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் விரல் வெளுத்திருந்தது. எஞ்சினைக் கருக்கியவன் என்று ஒரு பேர் வந்துவிட்டால் இந்த மலையில் எவன் அவனிடம் வண்டியைக் கொடுப்பான்?

அக்கா அவன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஒயில் ஏறலன்னு யாருடா சொன்னா?"

"லைட்டு, பெரியம்மா."

"லைட்டுக்கு யாரு சொன்னா?"

மகன் நிமிர்ந்து பார்த்தான். கேலி செய்கிறாளோ என்று நினைத்திருப்பான்.

"எஞ்சின் பக்கத்துல ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு. ஒயில் வந்து தள்ளுச்சுன்னா லைட் அணைஞ்சுரும். தள்ளலன்னா எரியும்."

"அப்ப அந்த சுவிட்சுதான் மொத வாய். அத விசாரிச்சியா?"

"மாத்தயா தொடாதன்னு..."

"வண்டியத் தொடாதன்னாரு. போனத் தொடாதன்னாரா? லிந்துலையில கராஜ் வச்சிருக்கிற நானாவுக்குப் போனப் போடு."

நானா, அதாவது முஸ்லிம் அண்ணன், பழைய வேனில் வந்து இறங்கினார். எங்கள் பக்கத்தில் வண்டி வேலைக்கு எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். அவர் அவசரப்படுகிற ஆள் இல்லை. முதலில் என் மகனைத்தான் கேட்டார்.

"லைட் வந்த நேரம் எஞ்சின் சத்தம் மாறினதா? டொக்கு டொக்கெண்டு அடிச்சதா?"

"இல்ல நானா. ஏத்தத்துல இழுவையும் கொறையல."

ஒயில் பார்க்கிற கம்பியை உருவினார். துடைத்துவிட்டு மறுபடியும் விட்டு உருவினார். ஒயில் மேல்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். தண்ணீர் கலக்கவில்லை, டீசல் வாடை இல்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஒழுக்கும் இல்லை. பிறகு எஞ்சினை எழுப்பாமல் சாவியை மட்டும் பாதி திருப்பச் சொன்னார். முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. சுவிட்சில் இருந்த வயரைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது.

"அணைஞ்சுருச்சு!" என்று நான் கத்தினேன். எங்கள் பின்னாலேயே இறங்கி வந்திருந்த கங்காணி கை தட்டினார். ஏன் என்று தெரியாமல் வெள்ளைக்கார அம்மாவும் தட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் நானா. "வயர் பொய் சொல்லல்ல. அது மட்டும்தான் இப்ப தெரியும். இன்னம் ரெண்டு பேர் மிச்சம். ஒண்டு, சுவிட்ச் பழுதாகி இருக்கோணும். இல்லாட்டி ஒயில் மெய்யாவே ஏறல்ல."

"அப்ப சுவிட்சக் கழட்டி வச்சிட்டு ஒயிலையே நேர்ல கேளுங்க" என்றாள் அக்கா.

நானா சிரித்தார். "அதைத்தான் செய்யப் போறன்."

சுவிட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு நீளக் குழாயை முறுக்கினார். குழாயின் மறு முனையில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு முள். ஆஸ்பத்திரியில் கையில் கட்டி பிரஷர் பார்ப்பார்களே, அது மாதிரி. அக்கா குனிந்து அதை உற்றுப் பார்த்தாள்.

"இது சரியான தராசா நானா?"

"சும்மா இருக்கக்குள்ள பூச்சியத்தில நிக்குதா, பாருங்க."

"நிக்குது. சும்மா இருக்கிறப்ப சும்மாதான் இருக்கு. சரி."

இனி எஞ்சினை எழுப்ப வேண்டும். எழுப்பினால்தான் ஒயில் ஏறுகிறதா இல்லையா என்று முள் சொல்லும். முதலாளி தொடாதே என்று சொன்ன வண்டி. மகன் என்னைப் பார்த்தான். நான் அக்காவைப் பார்த்தேன். தட்டிக் கொடுப்பாள் என்று நினைத்தேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நல்லா யோசிச்சுக்கடி. முள்ளு ஏறலன்னா லைட் சொன்னது உண்மையாப் போகும். அப்பறம் நான் ஒண்ணும் பேச மாட்டேன்."

பேசவும் மாட்டாள். எனக்குத் தெரியாதா? மடுவத்தில் தராசுக்குச் சொன்ன நியாயத்தைத்தான் இங்கேயும் சொல்வாள். நான் பெற்ற பிள்ளை, அவள் தூக்கி வளர்த்த பிள்ளை என்றெல்லாம் பார்க்க மாட்டாள். மகனிடம் போனேன்.

"நீ லைட்டக் கண்டதும் நிப்பாட்டுனியா?"

"சத்தியமா நிப்பாட்டுனேன்மா."

"அப்ப எழுப்புடா."

"முள் எழும்பாட்டி நான் கையத் தூக்குவன். ஒடனே நிப்பாட்டோணும்" என்றார் நானா.

மகன் ஏறி உட்கார்ந்தான். சாவி திரும்பியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உறுமியது. நான் நானாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை மேலே போகவில்லை. முழங்காலில் ஒரு தட்டுத் தட்டியது.

"ஏறிட்டது! அல்ஹம்துலில்லாஹ், நல்லா ஏறிட்டது!"

நான் கும்பிட்டேன். கங்காணி குடையைத் தூக்கிப் போட்டார். அக்கா மட்டும் அசையவில்லை.

"தள்ளுங்க. நான் பாக்கணும்."

எல்லோரையும் விலக்கிக்கொண்டு போய், வட்டத்துக்கு மூக்கைக் கொடுக்கிற மாதிரி குனிந்தாள். முள் மேலே ஏறி, நடுங்காமல் நின்றது. எஞ்சின் சூடாகும்வரைக்கும் நானா ஓடவிட்டார். முள் கொஞ்சம் இறங்கியது. அக்கா வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"எறங்குதே?"

"சூட்டில ஒயில் இளகும். அப்பிடித்தான் கொஞ்சம் எறங்கும். அதுக்குக் கீழ போகாது."

அவர் சொல்லிவிட்டார் என்று அவள் விடவில்லை. அதற்குக் கீழே போகவில்லை என்று கண்ணால் காணும்வரைக்கும் நின்றாள். பிறகு மலைப் பக்கம் திரும்பி, காலையில் பெரட்டுக் களத்தில் பேர் சொல்லி ஆள் கூப்பிடுகிற குரலில் கத்தினாள்.

"எஞ்சின் நல்லா இருக்குடீ! நான் பாத்தேன்!"

மேலே நிரையெல்லாம் "ஓ" என்று ஒரு சத்தம் போட்டது பாருங்கள், எனக்கு அதில்தான் அழுகை வந்தது.

நானா கழற்றிய சுவிட்சை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதன் மண்டையில் ஒயில் கசிந்து ஊறிக் கிடந்தது. உள்ளே கெட்டுவிட்டதாம். இதற்காகவா இவ்வளவு கூத்து என்று இருந்தது. பாக்கு அளவுதான் இருக்கும்.

மகன் முள்ளை வீடியோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினான். உடனே போன் வந்தது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், யாரைக் கேட்டு எஞ்சினை எழுப்பினாய் என்று சத்தம். மகன் "மாத்தயா... மாத்தயா..." என்று தடுமாறினான். அக்கா அவன் கையில் இருந்து போனைப் பிடுங்கிவிட்டாள். சந்தையில் பேசிப் பழகிய சிங்களத்தில், "மாத்தயா, எஞ்ஜிம பிச்சுணா கியலா கவுத கிவ்வே?" என்றாள். எஞ்சின் கருகியது என்று யார் சொன்னார்கள் என்று கேட்கிறாள், கொழும்பு முதலாளியை!

முதலாளி கத்துவதை விட்டு விளக்கம் சொன்னார். வெள்ளைக்கார அம்மா விளக்கு எரிகிற படத்தை ஆபீசுக்கு அனுப்பினாராம். ஆபீசில் ஒரு ஆள் அதைப் பார்த்துவிட்டு ஒயில் இல்லையாம் என்றாராம். இன்னொருவர் ஒயில் இல்லாமலே ஓட்டினானாம் என்றாராம். முதலாளியின் காதுக்கு வரும்போது எஞ்சின் கருகிவிட்டதாம்.

"ஒங்க ஆபீசுலயும் நிரை போட்டுத்தான் வேலை செய்றாங்களா?" என்றாள் அக்கா தமிழில். அது அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. பிறகு அவர் நானாவோடு பேசினார். கடைசியாக மகனோடு பேசினார். நானாவின் முள்ளை முன் கண்ணாடிப் பக்கம் கட்டிக்கொண்டு, அதைப் பார்த்தபடியே மெதுவாக நுவரெலியாவுக்குப் போ, அங்கே புதுச் சுவிட்ச் போட்டுக்கொள், சாவி உன்னிடமே இருக்கட்டும், திரும்பி வந்ததும் அடுத்த பயணத்தைப் பற்றிப் பேசலாம் என்றார்.

அதற்குப் பிறகுதான் மகன் சாப்பிட்டான். துணிப் பந்தலுக்குக் கீழே வெள்ளைக்கார அம்மா ஒரு மேசையை விரித்துக் கொடுத்தார். என் ரொட்டியை அவர்களும் தின்றார்கள். சம்பல் காரத்துக்கு வெள்ளைக்கார ஐயா காது சிவந்து, கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இன்னொன்று கேட்டார். இதற்கிடையில் அக்கா வண்டிக்குள் ஏறி எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டு இறங்கினாள்.

"எல்லாம் இருக்குடி. அடுப்புக்குப் பக்கத்துலயே கக்கூஸ வச்சிருக்காங்க, பாவம். ஆனா ஒண்ணு. நம்ம காம்பரா மழைக்கு ஒழுகுது. இது ஒழுகல."

வண்டி கிளம்பியது. எங்கள் ரோட்டில் ஒரு வண்டி மேலே போனால் உடனே கண்ணை விட்டு மறையாது. வளைவுக்கு வளைவு தெரிந்து தெரிந்துதான் போகும். ஒவ்வொரு வளைவிலும் மகன் ஹோர்ன் அடித்தான். ஒவ்வொரு முறையும் மலையில் இருந்த பெண்கள் கையைத் தூக்கினார்கள். அக்காவும் என்னோடு கடைசி வளைவு வரைக்கும் நின்று பார்த்தாள். அவள் விசாரிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. சும்மாதான் நின்றாள்.

இப்போது அவள் மகள் வீட்டோடு நோர்வூட்டில் இருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் வேறு ஆட்கள். நல்லவர்கள்தான். என்ன சொன்னாலும் நம்பிவிடுகிறார்கள், அதுதான் ஒரு குறை.

அன்றைக்கு நாங்கள் லயத்துக்கு ஏறி வந்தபோது வாசலில் ஒரு கூட்டம் நின்றது. காலையில் ஓடி வந்த அதே மருமகள் இப்போதும் முன்னால் ஓடி வந்தாள். முகமெல்லாம் பல்.

"சின்னம்மா! வெள்ளைக்காரரு அந்த வண்டிய ஒங்க மகனுக்கே எழுதிக் குடுத்துட்டாராமே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி, இனி அக்கா செருப்பைக் கழற்ற மாட்டாள், திரும்பவும் பீலிக்கரை, திரும்பவும் மலை என்று நினைத்துக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். வாசலில் நின்ற அத்தனை சனத்தையும் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிச் சுவரோரம் விட்டாள்.

"வண்டி யாருதுன்னு எனக்குத் தெரியாதுடி" என்றாள். "சாவி அவன் கையிலதான் இருக்கு. அத நான் பாத்தேன்."